குளிர் நிலத்திற் பூஞ்செடியும் பனையும்

செவ்வரத்தையின் கிளையொன்றை ஆடு கடித்துவிட்டதென்றால் வீட்டுக்காரர் அதற்காக மனம் வருந்துவதில்லை. ஆட்டை நாலு வார்த்தை ஏசுவார், அவ்வளவுதான். அடுத்த மழையோடு, கடிபட்ட இடத்துக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகத் துளிர் வெளிவரும். பனையின் கதை அதுவன்று. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்திலே எறிகணை பட்டு வட்டு அறுந்த பனைகளை வட பகுதியில் எங்கும் கண்டோம். அடிமரம் உறுதியாக நின்றது. வேர் நிலத்தைப் பற்றியே இருந்தது. ஆயினும் அவற்றில் ஒன்றுதானும் மீண்டும் துளிர்த்ததில்லை.

காரணம் எளிது. செவ்வரத்தை, அலரி, மல்லிகை ஆகிய செடிகளிலே இலைக்காம்பு தண்டோடு சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அரும்பு உறங்கிக் கிடக்கின்றது. நுனி போனால் அதற்குக் கீழுள்ளது விழித்துக்கொள்ளும். கிளை முழுவதும் போனால் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும். அடித்தண்டும் போயிற்றென்றால் சில செடிகள் வேர்மூட்டிலிருந்தே எழும். பனைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் அந்த வசதி இல்லை. மரம் ஒன்றுக்குக் குருத்து ஒன்று. அந்தக் குருத்தின் அடியிலே, மட்டைகளின் நடுவே பொதிந்து கிடக்கும் மெல்லிய வளர்முனையும் ஒன்று. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு இளம் ஓலையைக் கத்தரித்த அளவில் நின்றால் மரம் பிழைக்கும். வளர்முனையைத் தொட்டுவிட்டால் பிழையாது. இன்னுமொன்று: மாவிலும் வேம்பிலும் பட்டைக்கு உள்ளே ஆண்டுதோறும் புதுமரம் வைக்கும் வளர்படை ஒன்று உண்டு. பனையினத்துக்கு அது இல்லை. ஆகவே அதன் தண்டிற்பட்ட காயமும் மூடுவதில்லை.

நம்மூரில் இதை அறியாதார் இல்லை. அறிந்தும் நமக்கு அதனால் அன்றாடம் பெரிய பயன் இல்லை. ஏனெனில் வெயிலும் மழையும் தத்தம் காலத்தில் வர, செடியும் மரமும் தாமே வளர்கின்றன. குளிர்நாட்டுத் தோட்டக்காரனுக்கோ இந்த வேறுபாடுதான் தொழிலின் பாதி. அவன் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவுசெய்வதெல்லாம் இதை வைத்தே. இன்று அந்தக் குளிர்நாட்டுத் தோட்டக்கலையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டதற்கு ஒரு நியாயம் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு கறிவேப்பிலைச் சாடியோ மல்லிகைச் சாடியோ இல்லாத வீடு குறைவு. கோடையில் அது தழைக்கின்றது. மார்கழியில் இலையுதிர்ந்து, தை மாதத்தில் வெறுங்குச்சியாகிப் பங்குனியில் குப்பைக்குப் போகின்றது. மறுபடி ஒரு கன்று வாங்குகிறார்கள். என்னிடம் படித்துப் பிறநாடு சென்ற பிள்ளைகள் சிலர் ஆண்டுதோறும் இதைப் பற்றி எழுதுவதுண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே இருக்கும் பெற்றோரும் உற்றாரும் கேட்டுச் சொல்லலாம் அல்லவா?

முதலில் குளிர் என்பது செடிக்கு என்ன செய்கின்றது என்று பார்ப்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, அவற்றுள் இரண்டை முன்பனி, பின்பனி என்றனர். அந்தப் பனி, காலையில் புல்நுனியிலே தங்கும் நீர்த்துளி. செடிக்கு அது நன்மையே செய்யும். ஐரோப்பியர் கண்ட பனி வேறு. நமக்கு அனுபவம் இல்லாமையால், புல்லில் தங்கும் துளிக்கும், காற்றில் மிதக்கும் புகாருக்கும், வானிலிருந்து பஞ்சு போல விழுவதற்கும், நிலத்தின்மேல் உப்புப் போலப் பூப்பதற்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இடர்ப்படுகின்றோம். இவற்றுள் கடைசியாகச் சொன்ன உறைபனிதான் செடியின் பகை. பஞ்சு போல விழும் வெண்பனி, வியப்பாகத் தோன்றினாலும், நிலத்தின் மேல் ஒரு போர்வையாகக் கிடந்து வேரைக் காப்பதும் உண்டு.

நீர் உறையும் நிலைக்கு வெப்பம் இறங்கும்போது செடியின் உடலிலே உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் முதலில் பனிக்கட்டி தோன்றுகின்றது. அது அயலிலுள்ள அணுக்களின் நீரை வெளியே இழுத்துக்கொள்கின்றது. ஆகவே உறைபனியிற் செத்த செடி பெரும்பாலும் தாகத்தினாலே செத்த செடிதான். குளிர் கடுமையாகவும் விரைவாகவும் வந்தால் அணுக்களின் உள்ளேயே பனிக்கட்டி உண்டாகி அவற்றின் மென்றோலைக் கிழிக்கின்றது. அத்தகைய இலை காலையில் வெயில் பட்டதும் கொதிநீரில் தோய்த்தது போலக் கறுத்துத் தொங்கும். இவை குளிர்நாட்டுச் செடிகளுக்கும் நேரக்கூடியவை. நம் வெப்பநாட்டுச் செடிகளுக்கு மற்றுமொரு குறை உண்டு: அவற்றுட் பல, உறைநிலை வருமுன்னரே, 10 பாகை செல்சியஸ் அளவிலேயே சோர்ந்துவிடும். வாழையும் தென்னையும் அவ்வகையின. 27 பாகையைத் தனக்கு உகந்த சராசரியாகக் கொண்ட தென்னை, பனிக்கட்டி என்ற ஒன்றைக் காணாமலே குளிரால் இறக்கலாம். கறிவேப்பிலையும் மல்லிகையும் அந்த அளவு மென்மையானவை அல்லவாயினும், அவற்றுக்கும் 10 பாகையே எல்லைக்கோடு என்று கொள்வது பாதுகாப்பு.

உறைபனி எந்த இரவில் வரும் என்பதை அறிய விரும்புவோர் நமது நுவரெலியாவுக்குச் சென்று பார்க்கலாம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரிலும் அதன் அயலிலும் தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகும். அப்படிப்பட்ட நாளுக்கு முந்திய இரவு எப்போதும் மேகமில்லாத, காற்றசையாத, விண்மீன்கள் பளிச்சிடும் இரவாகவே இருக்கும். பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் வானை நோக்கிப் போகின்றது. மேகம் இருந்தால் அது கூரை போல நின்று ஒரு பகுதியைத் திருப்பித் தரும். இல்லையேல் வெப்பம் போனது போனதுதான். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம். நீர் போல அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகின்றது. மேட்டிலுள்ள தேயிலை தப்பிக்கப் பள்ளத்திலுள்ள தேயிலை கருகுவது இதனாலேதான். சரிவின் குறுக்கே இடைவெளியில்லாத மதில் கட்டினால் அதன் மேற்புறத்திலே குளிர்காற்று குளம் போலத் தேங்கும். இதை உணராமல், காப்புக்கென்று மதில் கட்டி, அதன் மேற்புறத்தையே மயானமாக்கியவர்கள் உண்டு.

செடியை மூடிவைப்பதன் தத்துவமும் இதிலிருந்தே பிறக்கின்றது. சால்வை நம்மைச் சூடாக்குவது, நம் உடற்சூட்டைப் போகவிடாமையினாலே. செடிக்கு உடற்சூடு இல்லை. அதற்குச் சூடு நிலத்திலிருந்து வருகின்றது. ஆகவே போர்வை செடியின் கழுத்தைச் சுற்றிக் கட்டியதாய் இருந்தாற் பயனில்லை. கூடாரம் போல நிலம் வரை விழ வேண்டும். பொலித்தீன் தாளைக் காட்டிலும் துணியே நன்று. பொலித்தீன் இலையைத் தொடும் இடத்தில் குளிரும் தொடும். உள்ளே நீர் வியர்த்துப் பூஞ்சணமும் பிடிக்கும். காலையில் வெயில் ஏறியதும் போர்வையை நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் ஓரிரவுக் குளிருக்குச் சொன்னவை. இனி, குளிர்நாட்டிலே மென்செடிகளையும் பனைகளையும் வெட்டவெளியிலேயே வளர்த்துக் காட்டிய இரண்டு தோட்டங்களைப் பற்றிச் சொல்கின்றேன். இரண்டும் பிரித்தானியாவில் உள்ளன. இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியவை.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலே அத்திலாந்திக் கடலிற் சில்லித் தீவுகள் கிடக்கின்றன. 1834இல் ஓகஸ்டஸ் ஸ்மித் என்பவர் அத்தீவுகளைக் குத்தகைக்கு எடுத்தார். திரெஸ்கோ என்ற தீவிலே, பழைய துறவியர் மடமொன்றின் இடிபாடுகளைச் சுற்றி அவர் தோட்டம் அமைத்தார். வட அத்திலாந்திக் நீரோட்டம் சற்று வெம்மையான நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதால் அங்கே உறைபனி அரிது. ஆனால் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கடற்காற்று உப்பை வாரி வீசிற்று. அவர் கட்டிய மதில்களாலும் காற்று அடங்கவில்லை. முட்புதர்களை நட்டுப் பார்த்தார். பின்னர் கலிபோர்ணியாவின் மொன்றரே கடற்கரைக்குரிய பைனையும் சைப்பிரசையும் தோட்டத்தைச் சூழ வேலியாக வளர்த்தார். அந்த மரவேலி உயர்ந்த பிறகே உள்ளே தென்னாபிரிக்காவின் பூஞ்செடிகளும் அவுஸ்திரேலியாவின் செடிகளும் கனாரித் தீவின் பனையும் நிலைத்தன. தெற்கு நோக்கிய சரிவைப் படிப்படியாக வெட்டி, மேற்படியின் வரண்ட வெம்மையிலே தென்னாபிரிக்கச் செடிகளையும், கீழ்ப்படியின் ஈரத்திலே நியூசிலாந்துச் செடிகளையும் வைத்த முறை இன்றும் மாறவில்லை.

மற்றது ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள இன்வரியூ. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உள்ளது. இன்வரியூவோ ஏறத்தாழ 58 பாகையில். மொஸ்கோ நகரே அதற்குத் தெற்கில்தான் இருக்கின்றது. 1862இல் ஒஸ்குட் மக்கென்சி அங்கே தோட்டம் தொடங்கியபோது அந்த முனை வெறும் பாறையும் கரிய புல்மண்ணுமாய்க் கிடந்தது. நல்ல மண்ணைக் கூடையிற் சுமந்து கொண்டுவந்தார்கள். மானும் முயலும் நுழையாமல் வேலி அடைத்தார்கள். அதன் பின் காற்றைத் தடுக்கும் பைன் மரங்களை நட்டுவிட்டு மக்கென்சி காத்திருந்தார். ஓராண்டு, ஈராண்டு அன்று. மரங்கள் காற்றைத் தாங்கும் அளவுக்கு உயர ஏறத்தாழ 15 ஆண்டுக்கு மேற் சென்றது. மென்மையான செடிகள் அதன் பிறகே வந்தன. ஒரு செடியும் பூக்காத தோட்டத்துக்காக ஒருவன் தன் இளமையில் 15 ஆண்டைக் கொடுத்தான் என்பதை எண்ணிப்பாருங்கள். நம் பாடசாலைகளில் மரநடுகை விழா நடத்தி, மறுவாரமே கன்றை மறந்துவிடும் நம் அவசரத்தோடு அதை ஒப்பிட எனக்கு மனம் வருவதில்லை. 1952இல் அவருடைய மகள் அத்தோட்டத்தை ஸ்கொட்லாந்தின் தேசிய நம்பிக்கை நிதியத்திடம் ஒப்படைத்தார். இன்றும் மக்கள் சென்று காண்கின்றனர்.

இவ்விரண்டிலும் நாம் கவனிக்க வேண்டியது, முதலில் அடக்கப்பட்டது குளிரன்று, காற்று என்பதே. காற்று இலையின் ஈரத்தைக் கொண்டுபோகின்றது. குளிர்ந்த மண்ணிலுள்ள வேர் அதை ஈடுசெய்யும் வேகத்தில் நீரை உறிஞ்ச இயலாமற் கிடக்கின்றது. ஆகவே 5 பாகைக் குளிரும் காற்றும் சேர்ந்து செய்யும் கேட்டை, காற்றில்லாத 2 பாகைக் குளிர் செய்வதில்லை. காற்றை மறைக்க எது நல்லது? மதில் என்று எண்ணுவோம். மதிலிற் பட்ட காற்று மேலேறி மறுபுறத்தில் சுழன்று குப்புற விழுந்து செடியை அலைக்கும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலியே சிறந்தது. தன் உயரத்தைப் போற் பத்து மடங்கு தூரம் வரை அது காற்றைத் தணிக்கும். அப்படிப்பட்ட வேலி எங்கேயோ கண்டது போலத் தோன்றுகின்றதா? நம் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் அவையே. அவற்றைப் பிரித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் மதில் கட்டிவருகின்றோம். அழகென்றும் பாதுகாப்பென்றும் சொல்கின்றோம். மதிலின் ஓரத்து மல்லிகை என்ன சொல்கின்றது என்று கேட்பாரில்லை.

திரெஸ்கோவைப் பற்றி இன்னுமொன்று சொல்லாவிடின் கதை ஒருதலையாகும். 1987ஆம் ஆண்டு தை மாதத்திலே அத்தீவில் அரிதினும் அரிதாக வெண்பனியும் கடும் உறைபனியும் வந்தன. தோட்டத்தின் பெரும்பகுதிச் செடிகள் இறந்தன. அந்த இழப்பை ஈடுசெய்யத் தொடங்கி மூன்றாண்டுகூட ஆகவில்லை. 1990 தை மாதத்திற் பெரும்புயல் வந்து, வேலியாய் நின்ற மரங்களுள் நூற்றுக்கணக்கானவற்றைச் சாய்த்தது. நூற்றைம்பது ஆண்டு வளர்த்தது மூன்றாண்டிற் பறிபோயிற்று. அவர்கள் மறுபடியும் மரவேலியிலிருந்தே தொடங்கினார்கள். வெட்டவெளியில் மென்செடி வளர்ப்பவன் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் குளிரையும் கணக்கில் வைக்க வேண்டும். அதனால், அரிய செடி எதற்கும் ஒரு துண்டை வெட்டி வேரூன்றச் செய்து வேறோர் இடத்தில், கண்ணாடிக் கூரையின் கீழோ அயலவர் வீட்டிலோ வைத்திருப்பது அங்கே வழக்கம். செடியை இரவல் கொடுத்து வைப்பது என்று சொல்லலாம். நமது கறிவேப்பிலைச் சாடி வைத்திருப்போரும் இதைக் கைக்கொண்டால் ஆண்டுதோறும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. வேரிலிருந்து எழும் பக்கக்கன்றைப் பிரித்து ஒரு நண்பருக்குக் கொடுத்துவைத்தாற் போதும்.

இனிப் பனையினத்துக்கு வருவோம். தண்டைத் துண்டாக்கி நட முடியாது. பெரும்பாலானவை பக்கக்கன்றும் ஈனா. ஆகவே காப்பு முழுவதும் ஒரு குருத்துக்குத்தான். குளிரைத் தாங்கும் பனைகள் இயற்கையிலேயே அக்குருத்தைக் காக்கும் உபாயம் ஒன்றைக் கைக்கொண்டிருப்பது வியப்பு. அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள குட்டைச் சபால் பனை தன் தண்டை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றது. ஓலை மட்டுமே வெளியே தெரியும். சீனத்துக்குரிய சூசான் பனையோ அடிமரம் முழுவதும் பன்னாடை போன்ற நாரைச் சுற்றிக்கொண்டு நிற்கின்றது. சீனர் அந்த நாரிலே கயிறும் மழை அங்கியும் செய்தனர். ரொபேட் போச்சூன் என்ற தாவரத் தேட்டாளர் 1849இல் அப்பனையின் கன்றுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அறிவியற்பெயரில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. வளர்ந்த மரம் உறைநிலைக்குக் கீழே 10 பாகையையும் தாங்கும். சுவிற்சர்லாந்தின் தென்பகுதிக் காடுகளிலே இப்போது அது தானாகவே முளைத்துப் பரவியும் இருக்கின்றது. இலண்டனில் வீட்டுமுற்றத்திற் பனையைப் போல ஒன்று நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவோருக்கு நான் சொல்லக்கூடியது அது ஒன்றே. நமது பனங்கொட்டையை அனுப்பும்படி கேட்கின்றவர்களும் உண்டு. சான்றிதழில்லாமல் விதையும் செடியும் கொண்டுசெல்வதை அந்நாட்டுச் சட்டங்கள் தடுக்கின்றன. அது ஒருபுறமிருக்க, நம் பனை வெப்பத்தை உண்டு வளர்வது. அங்கே அதை வெளியில் நடுவது ஒரு விதையை வீணாக்குவதே.

ஆயினும் நம் பனையும் குருத்தைக் காக்கத் தெரிந்த மரந்தான் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. பனங்கொட்டையிலிருந்து புறப்படும் முளை மேலே வருவதில்லை. ஆழமாகக் கீழே இறங்குகின்றது. குருத்து அந்த ஆழத்திலேயே உருவாகி, பின்னரே ஓலையாக மேலே வருகின்றது. பாத்தியிற் கிழங்கு தோண்டும் எவரும் இதைக் கண்ணால் காண்பர். ஆடு மேய்ந்தாலும் நெருப்புப் பரந்தாலும் வடலி மீண்டும் எழுவது அதனாலேதான். அதன் பகை வரட்சியும் தீயும். சபால் பனையின் பகை உறைபனி. பகை வேறாயினும் ஒளிக்கும் இடம் ஒன்றே.

ஒரே குருத்து என்ற விதிக்கு விலக்கும் உண்டு. மத்தியதரைக் கடற்கரையின் குட்டைப் பனை, பேரீந்தைப் போலவே, அடியிலிருந்து பல தண்டுகளை எழுப்பும். ஒன்று இறந்தால் மற்றொன்று உண்டு. இத்தாலியின் பாதுவா நகரிலே 1545இல் தொடங்கிய தாவரத் தோட்டத்தில் அவ்வகைப் பனை ஒன்று 1585இல் நடப்பட்டு இன்றும் உயிரோடு நிற்கின்றது. அங்குள்ள குளிரை எண்ணி அதனைச் சுற்றி எண்கோணமாய் ஒரு கண்ணாடி வீடு கட்டியிருக்கிறார்கள். 1786இல் ஜேர்மானியக் கவிஞர் கதே அதைக் கண்டார். அடியில் எளிய வடிவிலிருக்கும் ஓலை மேலே போகப் போக விசிறியாகப் பிரிவதைப் பார்த்து, செடியின் உறுப்புகள் எல்லாம் இலையின் திரிபே என்ற எண்ணத்தை வளர்த்தார். 1790இல் அதை நூலாகவும் வெளியிட்டார். கலைப்பட்டதாரியாகிய எனக்குத் தாவரவியலில் உள்ள பற்றுக்கு அந்தக் கவிஞரும் ஒரு காரணம்.

வெளியில் நிற்கும் பனைக்குக் குளிர்காலக் காப்புச் செய்யும் முறை இது. ஓலைகளை மேல்நோக்கித் திரட்டிக் கயிற்றாற் கட்ட வேண்டும். குருத்தைச் சுற்றி உலர்ந்த வைக்கோலை வைத்து, அதன்மேற் காற்றுப் போகும் துணியைச் சுற்ற வேண்டும். மேலே மழைநீர் இறங்காதபடி ஒரு மறைப்பு வேண்டும். குருத்துக்குள் நீர் தேங்கி உறைந்தால் அழுகல் தொடங்கும். குளிரினாற் சாகும் பனைகளைப் போலவே ஈரத்தினாற் சாகும் பனைகளும் உண்டு. வெயில் எறிக்கும் நாட்களில் கட்டைத் தளர்த்தி உலரவிடுவது நன்று. வேர் பரந்த நிலத்தின்மேல் சருகை ஓரடி கனத்துக்குப் பரப்பலாம். இவ்வளவு செய்தும், இளவேனில் வந்த பின், நடுக்குருத்தை மெல்ல இழுத்தால் அது கையோடு வந்துவிடக்கூடும். உடனே மரத்தை வெட்ட வேண்டாம். குருத்தோலை அழுகியிருந்தாலும் அதன் அடியிலுள்ள வளர்முனை சிலவேளை உயிரோடிருக்கும். அழுகியதை நீக்கி, உள்ளே நீர் விழாமல் மூடி, கோடை முழுவதும் பொறுத்திருக்க வேண்டும். முதலில் வரும் ஓலை முறுக்கலாயும் அரைகுறையாயும் வரும். அதைக் கண்டால் மரம் பிழைத்ததென்று கொள்ளலாம்.

செடிகளுக்கு இத்தனை பாடு இல்லை. அங்கே நுனியைப் பலிகொடுத்து அடியைக் காப்பதே முறை. அலரியும் கடதாசிப்பூவும் நிலத்தில் நிற்குமாயின் அடித்தண்டைச் சுற்றிச் சருகையும் மண்ணையும் மேடாகக் குவித்துவிட்டால், மேலுள்ளது கருகினும் கீழிருந்து துளிர்க்க வழியுண்டு. இடத்தேர்வில் பாதி வெற்றி அடங்கியிருக்கின்றது. வடகோளத்திலே குளிர்காலச் சூரியன் தென்வானத்திலே தாழ நடக்கின்றது. ஆகவே தெற்கு நோக்கிய சுவரின் ஓரமே உகந்தது. கல்லும் செங்கல்லும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்லக் கொடுக்கும். கிழக்கு நோக்கிய சுவர் வேண்டாம். இரவில் உறைந்த மொட்டிலே விடிந்தவுடன் வெயில் படுவது கேடு. கோடை முடியும் காலத்திற் பசளை இடவே கூடாது. அக்காலத்திற் பசளையுண்டு வளர்ந்த தளிர் முற்றாமல் நீர் நிறைந்து நிற்கும். முதல் உறைபனி அதைத்தான் தேடிவரும். நம்மவர் அன்பு மிகுதியாற் செய்வது இதுவே. செடி சோர்கின்றதே என்று புரட்டாதியில் பசளையும் ஐப்பசியில் நீரும் ஊற்றுகின்றார்கள். சோர்வது பசியினாலன்று, ஓய்வு கேட்கின்றது.

மல்லிகையையும் கறிவேப்பிலையையும் செவ்வரத்தையையும் சாடியில் வைத்திருப்பதே அந்நாடுகளில் அறிவுடைமை. நிலத்தில் நடுவது கோடைக்கு மட்டுமான விருந்தாகிவிடும். இரவின் குளிர் 10 பாகையை நெருங்கும்போது, அதாவது பெரும்பாலும் புரட்டாதி முடிவில், சாடியை உள்ளே எடுக்க வேண்டும். எடுக்குமுன் இலைகளின் அடிப்புறத்தைக் கழுவிச் செதிற்பூச்சியும் சிற்றுண்ணியும் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும்; வீட்டுக்குள் உலர்ந்த சூட்டிலே சிற்றுண்ணி பல்கிப் பெருகும். வெப்பமூட்டும் கருவியின் அருகில் வைப்பது பரிவு போலத் தோன்றும். அது செடியை வாட்டும். வெளிச்சமுள்ள சாளரத்தின் ஓரமே இடம். மேல்மண் நன்றாக உலர்ந்த பிறகே நீர் வார்க்க வேண்டும். குளிர்காலத்திற் சாகும் கறிவேப்பிலைக்குக் குளிரைவிட, சாடித் தட்டிலே தேங்கி நிற்கும் நீரே பெரும்பாலும் காரணம். இலை முழுவதும் உதிர்ந்துவிட்டதென்று பதற வேண்டியதில்லை. அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. இலையில்லாத செடிக்கு நீரும் அவ்வளவு வேண்டாம்.

பங்குனியில் வெறுங்குச்சியாய் நிற்பதைக் கண்டு குப்பையில் எறிகின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகத்தினால் தண்டின் பட்டையைச் சற்றுக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடிருக்கின்றது. மண்ணிறமாயிருந்தால் இன்னும் கீழே இறங்கிக் கீறுங்கள். மண்மட்டம் வரை பச்சை காணாவிட்டாலும் வைகாசி முடியும் வரை சாடியை வைத்திருங்கள்; கறிவேப்பிலை வேரிலிருந்து எழுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். செத்த கிளையை மாரிக்கு முன்னர் வெட்டுவதும் தகாது. அது மேலே நின்று கீழுள்ள அரும்புகளுக்கு ஒரு சிறு கூரையாய் உதவுகின்றது. துளிர் எந்தக் கணுவில் வந்ததென்று தெரிந்த பிறகு அதற்குச் சற்று மேலே வெட்டலாம்.

வெளியே எடுக்கும் நாளும் நிதானத்தோடு செய்ய வேண்டியது. ஆறு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இலை, முதல் நாளே நேர்வெயிலில் நின்றாற் பொரிந்துவிடும். முதல் வாரம் மரநிழலிலோ சுவரின் வடபுறத்திலோ பகலில் மட்டும் வைத்து, மாலையில் உள்ளே எடுங்கள். இரண்டாம் வாரம் காலை வெயில் மட்டும் படட்டும். இரவுக் குளிர் 10 பாகைக்கு மேல் தொடர்ந்து நிற்கின்றதென்று தெரிந்த பிறகு சாடியைத் தெற்குச் சுவரோரத்தில் நிலையாக வைத்து, அன்றைக்குத்தான் அவ்வாண்டின் முதற்பசளையை நீரிற் கரைத்து ஊற்றுங்கள்.